மந்தையிலிருந்து மனைக்கு: மேய்ப்பு இன நாய்களுக்கான மாற்றுப்பணிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பார்டர் கோலி, ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இரு மேய்ப்பு இன நாய்கள் மந்தையை விட்டு வீட்டிற்குள் வந்த வரலாற்றையும், அவற்றின் அறிவுக்கு வேலை தரும்பொருட்டு உருவான மாற்றுப்பணிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மேய்ப்புப் பணியில் நாய் தானே எடுக்கும் முடிவு, மனிதர் தரும் குறிப்பு, பணி நிறைவெய்தும் எல்லை என மூன்று கூறுகள் உள்ளன. 1873 முதல் தோன்றிய போட்டிகள், தேர்வுகள், விளையாட்டுகள், வீட்டுப் பொம்மைகள் ஆகியவை இக்கூறுகளுள் எவற்றைக் காத்தன, எவற்றை விட்டன என்பது காலவரிசையில் ஒப்பிடப்படுகிறது. நாயின் உடலைக் களைக்கச் செய்வது மட்டும் பணிக்கு ஈடாகாது என்பதும், மூன்று கூறுகளும் சேர்ந்தமையும் மாற்றுப்பணியே பழைய பணிக்கு அருகில் நிற்கிறது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மேய்ப்பு நாய், பார்டர் கோலி, ஜெர்மன் ஷெப்பர்டு, மாற்றுப்பணி, விலங்கு நலன், வளர்ப்பு விலங்கு வரலாறு.

1. முன்னுரை

மேய்ப்பு இன நாய்களை வீட்டில் வளர்ப்போரின் முறையீடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைகின்றன. நாய் காலணியையும் கதவுச் சட்டத்தையும் கடித்துக் குதறுகிறது. ஓடும் மிதிவண்டியைத் துரத்துகிறது. விளையாடும் குழந்தைகளைச் சுற்றிவளைத்து ஒரு மூலையில் ஒதுக்குகிறது. சுவரில் அசையும் நிழலை நெடுநேரம் உற்று நோக்குகிறது. இவற்றைக் குணக்கேடு எனக் கொள்வதே பொதுவழக்கு. அதன் விளைவாக நல்ல நிலையிலுள்ள நாய்கள் கைமாற்றப்படுகின்றன, காப்பகங்களில் விடப்படுகின்றன. குறையைச் சரிசெய்ய முனைவோரும் ‘நாயை நன்றாக ஓடவிட வேண்டும்’ என்னும் ஒற்றைத் தீர்வையே பெரிதும் நம்புகின்றனர்.

இத்தீர்வு ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்நாய்க்குள் மிகுதியான ஆற்றல் தேங்கியுள்ளது. அதை ஓட்டத்தால் வெளியேற்றினால் நாய் அடங்கிவிடும் என்பதே அக்கருத்து. மேய்ப்பு நாயின் வரலாறு இதற்கு மாறான ஒன்றை உணர்த்துகிறது. அந்நாய் ஓடுவதற்காக மட்டும் தெரிவு செய்யப்பட்டதன்று; ஓடும்போது முடிவெடுப்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டது. எனவே அது இழந்திருப்பது ஓட்டத்தை மட்டுமா, பணியையா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காண, கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இந்நாய்களுக்கென மனிதர் வகுத்த மாற்றுப்பணிகள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பழைய பணியின் இடத்தில், அப்பணியின் தேவை இல்லாத சூழலில், நாய்க்கெனத் திட்டமிட்டு அமைக்கப்படும் செயல் இக்கட்டுரையில் ‘மாற்றுப்பணி’ எனப்படுகிறது.

2. மேய்ப்புப் பணியின் இயல்பு

இங்கிலாந்தின் நாய்களை வகைப்படுத்திய தொடக்கக்கால நூல்களுள் ஒன்று, மருத்துவர் ஜான் கையஸ் 1570இல் இலத்தீனில் வெளியிட்ட நூலாகும். அது 1576இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. ஓநாய்கள் அற்றுப்போன இங்கிலாந்தில் மேய்ப்பு நாய்க்குப் பேருடல் தேவையில்லை என்றும், அது இடையரின் குரலுக்கும் சீழ்க்கைக்கும் ஏற்ப ஆடுகளைத் திரட்டுகிறது என்றும் கையஸ் விளக்குகிறார். அவர் நாய்களை உருவத்தால் அன்றிச் செய்யும் தொழிலால் வகுத்தமை கருதத்தக்கது. நாயின் அடையாளம் அதன் பணியே என்னும் பார்வை அக்காலத்தில் இயல்பாக இருந்துள்ளது.

இப்பார்வை சட்டத்திலும் இடம்பெற்றது. 1878ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வரிச் சட்டம், ஆடு மாடு மேய்ப்பதற்கென்றே வைத்திருக்கும் நாய்களுக்கு உரிமக் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்தது. அவ்விலக்கும் மந்தையின் அளவைப் பொறுத்து வரையறுக்கப்பட்டது. ஒரே தோற்றமுடைய இரு நாய்களுள் ஒன்றுக்குக் கட்டணம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்னும் வேறுபாட்டை அங்குப் பணியே தீர்மானித்தது.

மேய்ப்பு நாயிடம் இடையர் எதை மதித்தனர் என்பதை ஸ்காட்லாந்தின் எட்ரிக் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாக் (1770–1835) எழுதியவை காட்டுகின்றன. ஹாக் தாமே இடையராக வாழ்ந்தவர். சிரா என்னும் தம் நாயைப் பற்றி அவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 700 குட்டிகள் நள்ளிரவில் மூன்று திசைகளில் சிதறி ஓடின. இருளில் நாயும் கண்ணில் படவில்லை. விடிந்தபின் தேடிச் சென்றபோது, சிரா அவை அனைத்தையும் ஒரு பள்ளத்தில் திரட்டிக் காத்து நின்றது. இது எழுத்தாளர் ஒருவரின் கூற்று என்பதால் இதில் புனைவின் சாயல் படிந்திருக்கலாம். ஆயினும் எது வியப்புக்குரியதாகப் போற்றப்பட்டது என்பதற்கு இது நல்ல சான்றாகும். நாயின் வேகம் அங்குப் போற்றப்படவில்லை. கட்டளை கிட்டாதபோதும் பணியின் நோக்கத்தை உணர்ந்து தானே செயற்பட்டமையே போற்றப்பட்டது.

இத்திறனின் உயிரியல் அடிப்படையை ரேமண்ட் கோப்பிங்கர், லோர்னா கோப்பிங்கர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஊனுண்ணி விலங்கின் வேட்டை, ஒழுங்கான செயல்தொடராக அமைகிறது. இரையை நோக்குதல், கண்ணால் நிலைகுத்திப் பார்த்தல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், உண்ணுதல் என அது விரியும். பார்டர் கோலி போன்ற மேய்ப்பு நாயில் இத்தொடரின் முற்பகுதி மிகுந்து வளர்க்கப்பட்டுள்ளது. கவ்வுவதும் கொல்வதும் அடக்கப்பட்டுள்ளன. அதாவது, வேட்டையின் முடிவு நீக்கப்பட்டு, அதன் இடத்தில் இடையர் வகுத்த வேறொரு முடிவு வைக்கப்பட்டுள்ளது. ஆடுகள் பட்டியில் அடைவதே அம்முடிவு.

இவற்றிலிருந்து மேய்ப்புப் பணியின் மூன்று கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது, தொலைவில் உள்ள நாய் ஆடுகளின் அசைவைக் கண்டு தானே எடுக்கும் முடிவு. இரண்டாவது, அம்முடிவை இடையிடையே திருத்தும் மனிதரின் குறிப்பு. மூன்றாவது, பணி முடிந்தது என நாய் உணர்ந்து ஓய்வு கொள்ளும் நிறைவெல்லை. பின்வந்த மாற்றுப்பணிகளை மதிப்பிட இம்மூன்றும் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

3. காட்சியும் போட்டியும்: 1859–1906

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாயைத் தோற்றத்தால் மதிக்கும் வழக்கம் பிரிட்டனில் நிறுவன வடிவம் பெற்றது. 1859இல் நியூகாசிலில் நடந்த நாய்க் காட்சியில் வேட்டை நாய் இனங்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு பர்மிங்காம் காட்சியில் மேய்ப்பு நாய்களுக்கும் ஒரு பிரிவு அமைந்தது. விக்டோரியா அரசியார் பால்மோரலில் கோலி நாய்களை விரும்பி வளர்த்ததும் அவ்வினத்தின் மதிப்பை உயர்த்தியது. காட்சிக்கென வளர்க்கப்பட்ட கோலி காலப்போக்கில் நீண்ட முகமும் அடர்ந்த மயிரும் கொண்ட தனி இனமாக மாறி மந்தையிலிருந்து விலகியது.

இப்பின்புலத்தில் 1873ஆம் ஆண்டு சிறப்பிடம் பெறுகிறது. அவ்வாண்டில்தான் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், வேல்சின் பாலா ஊரில் நிலக்கிழார் ரிச்சர்ட் ஜான் லாய்டு பிரைசு மேய்ப்பு நாய்களுக்கான போட்டி ஒன்றை நடத்தினார். பிரிட்டனில் முறையாகப் பதிவாகிய முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி அதுவே எனக் கருதப்படுகிறது. வேல்சில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தம் நாய் ட்வீடுடன் அதில் வென்றார். நாயின் மதிப்பு தோற்றத்திலா தொழிலிலா என்னும் வினாவிற்கு ஒரே ஆண்டில் இரு வேறு விடைகள் நிறுவன வடிவம் பெற்றமை இதனால் புலனாகிறது.

போட்டி என்பது பண்ணைப் பணியின் செறிவாக்கப்பட்ட வடிவம். நாய் ஆடுகளின் பின்புறம் செல்ல அகன்று சுற்றியோடுதல், அவற்றை அரளவிடாமல் நகர்த்தத் தொடங்குதல், மேய்ப்பரிடம் கொணர்தல், வாயில்களினூடே ஓட்டிச் செல்லல், மந்தையைப் பிரித்தல், பட்டியில் அடைத்தல் என அதன் படிகள் அமைந்தன. வலஞ்சுழியாகச் செல்ல ‘கம் பை’ என்றும் இடஞ்சுழியாகச் செல்ல ‘அவே’ என்றும் குரல் தரும் மரபு இன்றும் வழங்குகிறது. பன்னாட்டு இறுதிச் சுற்றில், இரு இடங்களிலிருந்து 20 ஆடுகளைத் திரட்டி, அவற்றுள் கழுத்துப்பட்டை இட்ட 5 ஆடுகளை மட்டும் பிரித்துப் பட்டியில் அடைக்க வேண்டும். எந்த ஆடு எத்திசையில் திரும்பும் என்பதை முன்கூட்டி வகுக்க இயலாது. எனவே மேய்ப்பரின் குறிப்பும் நாயின் முடிவும் ஒவ்வொரு கணமும் இணைந்தே இயங்க வேண்டியுள்ளது.

1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்னும் நாய் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையாலேயே ஆடுகளைக் கட்டுப்படுத்திய அந்நாய் 1901இல் இறந்தது. இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. 1906இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் பணித்திறனையே இனத்தின் அடையாளமாகப் போற்றியது. பதிவு பெற்ற பெற்றோர் இல்லாத நாயும் தன் பணித்திறனை மெய்ப்பித்துப் பதிவேட்டில் இடம்பெற அச்சங்கம் வழிவகை செய்துள்ளது.

போட்டி, நாயின் வேலையின்மையைப் போக்க எழுந்ததன்று. பகலில் மந்தையில் உழைக்கும் நாய்களே அதில் பங்கேற்றன. ஆயினும் பணியை அதன் பொருளாதாரப் பயனிலிருந்து பிரித்து, விதிகளுடைய தனிச்செயலாக நிகழ்த்தலாம் என்பதை முதலில் காட்டியது அதுவே. அவ்வகையில் பின்வந்த மாற்றுப்பணிகளுக்கு அதுவே முன்மாதிரி எனலாம்.

4. பணி மறைந்தபோது: ஜெர்மனியின் விடை

பணி மறைந்துவிடும் என்னும் அச்சத்தை நேரடியாக எதிர்கொண்டது ஜெர்மனி. கடல்கடந்து வந்த மலிவான கம்பளியாலும் மேய்ச்சல் நிலங்கள் குறைந்தமையாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் அங்கு ஆடுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. அக்காலத்தில்தான், முன்னாள் குதிரைப்படை அலுவலர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899 ஏப்ரலில் ஒரு மேய்ப்பு நாயை வாங்கி, அதற்கு ஹோராண்டு எனப் பெயரிட்டு, ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தை நிறுவினார். அறிவும் பயன்பாடுமே அவ்வினத்தின் அடிப்படை என்பது அவர் கொள்கை.

மந்தை குறைந்துவரும் நாட்டில் மேய்ப்பு நாயின் பண்பை எவ்வாறு காப்பது என்னும் சிக்கலுக்கு அவர் கண்ட வழி, நாய்க்கு வேறு பணியைத் தேடித் தருவது. பெல்ஜியத்தின் கென்ட் நகரக் காவல்துறை 1899இலேயே நாய்களைப் பணியில் சேர்த்திருந்தது. ஜெர்மன் சங்கமும் காவல்துறையையும் இராணுவத்தையும் நாடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான காவல் நாய்த் தேர்வு, மோப்பத் தடம் பற்றுதல், கீழ்ப்படிதல், பாதுகாத்தல் என மூன்று பகுதிகளாக அமைந்தது. முன்கூறிய அளவுகோலைக் கொண்டு நோக்கினால் இவ்வமைப்பின் நுட்பம் விளங்கும். தடம் பற்றுவதில் மனிதருக்குத் தெரியாத ஒன்றை நாய் அறிந்து தானே முடிவெடுக்கிறது. கீழ்ப்படிதலில் மனிதரின் குறிப்பு முதன்மை பெறுகிறது. பாதுகாக்கும் பகுதியில் நாய் தன் வேகத்தை முழுதும் வெளிப்படுத்தி, குரல் கேட்டவுடன் நின்றுவிட வேண்டும். கூறுகள் மூன்றும் அங்கு வேறு வடிவில் காக்கப்பட்டன.

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஓல்டன்பர்க்கில் தொடங்கப்பட்டது. அங்கு வளர்ந்த முறை 1929இல் அமெரிக்காவில் ‘சீயிங் ஐ’ நிறுவனமாகக் கிளைத்தது. வழிகாட்டி நாயிடம் எதிர்பார்க்கப்படும் அரிய பண்பு, ஆபத்து நேரும்போது கட்டளையை மறுத்து நிற்பது. மேய்ப்பு நாயின் தன்முடிவு இதனினும் தெளிவாக வேறெங்கும் பேணப்படவில்லை எனலாம்.

5. பணியிலிருந்து விளையாட்டுக்கு: 1933–1980

காவல் பணியும் வழிகாட்டும் பணியும் சில நாய்களுக்கே வாய்ப்பவை. நகர வீடுகளில் பெருகிய நாய்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்பவர், தாம் வளர்த்த பூடில் நாய்கள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நிறுவ 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். 1936இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அதற்கு விதிகளை வகுத்தது. வீட்டு நாயும் பயிற்சிக்குரியது என்னும் எண்ணம் பரவ இது வழிவகுத்தது.

எனினும் கீழ்ப்படிதல் போட்டியில் நாயின் தன்முடிவுக்கு இடம் மிகக் குறைவு. அமர்தல், உடன் நடத்தல், அழைத்தால் வருதல் ஆகியன யாவும் முன்கூட்டி வரையறுக்கப்பட்டவை. நாய் எவ்வளவு பிழையின்றிக் குறிப்பைப் பின்பற்றுகிறது என்பதே மதிப்பெண்ணாகிறது. மேய்ப்புப் பணியின் மூன்று கூறுகளுள் இரண்டாவது மட்டும் இங்குத் தனித்து வளர்ந்தது.

1978இல் இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையிலான நேரத்தை நிரப்ப ஜான் வார்லியும் பீட்டர் மீன்வெல்லும் ஒரு புதிய ஆட்டத்தை அமைத்தனர். குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைத் தழுவிய அது ‘அஜிலிட்டி’ எனப் பெயர் பெற்றது. 1980இல் கென்னல் கிளப் அதை ஏற்றது. நாய் கழுத்துவாரின்றி ஓடுகிறது. வளர்ப்பவர் குரலாலும் கையாலும் வழிகாட்டுகிறார். தடைகளின் வரிசை போட்டிக்குப் போட்டி மாறுகிறது. தொலைவும் வேகமும் குறிப்பும் இங்கு மீண்டும் இணைந்தன. பார்டர் கோலிகள் இவ்விளையாட்டில் முன்னணி வகிப்பது இதனால் வியப்பன்று. ஆனால் தடைகள் அசையாதவை. ஆடு எதிர்பாராது திரும்புவதுபோல் அவை திரும்புவதில்லை. நாய் தீர்க்க வேண்டிய சிக்கலின் ஒரு பகுதியை மனிதரே தீர்த்துத் தருகிறார்.

6. வீட்டு நாயாக ஏற்பு: 1976ம் 1995ம்

பார்டர் கோலி வரலாற்றில் 1976ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் ஒருங்கே நேர்ந்தன. பிரிட்டிஷ் கென்னல் கிளப் அவ்வினத்தைக் காட்சிக்குரியதாக ஏற்றது. பிபிசி தொலைக்காட்சி மேய்ப்பு நாய்ப் போட்டிகளை ‘ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்’ என்னும் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. மலைச்சரிவில் இடையரும் நாயும் மட்டுமே அறிந்திருந்த பணி, மந்தையையே பார்த்திராத நகர மக்களின் கூடத்திற்கு வந்தது. ஒன்று அந்நாயை வாங்கத்தக்க இனமாக்கியது; மற்றொன்று அதன் அறிவைக் காட்சிப்படுத்தியது.

அமெரிக்காவில் இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. 1995இல் அமெரிக்கக் கென்னல் கிளப் பார்டர் கோலிக்கு முழு ஏற்பு வழங்கியபோது, பணிநாய் வளர்ப்போரின் அமைப்புகள் அதை எதிர்த்தன. தோற்றத்திற்கெனத் தெரிவு செய்தால், ஒரு நூற்றாண்டுக்கு முன் கோலி இனத்திற்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்பதே அவற்றின் வாதம். இவ்வாதத்திற்கு மறுபுறமும் உண்டு. பணித்திறனை இழக்காத நாய் பணியில்லாத வீட்டிற்குச் செல்லும்போது துன்புறுவது அந்நாயே. இனத்தின் பண்பைக் காப்பதும் தனி நாயின் நலனைக் காப்பதும் ஒன்றோடொன்று முரணும் இடம் இது. வீட்டிற்குள் மாற்றுப்பணி தேவைப்படுவது இம்முரண்பாட்டினால்தான்.

7. அடைபட்ட விலங்கின் ஆய்வும் சட்டமும்

வீட்டு நாய்க்கு அறிவுப்பணி வேண்டும் என்னும் கருத்துக்கு விலங்குக்காட்சிச் சாலை ஆய்வுகளும் வலுவூட்டின. சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர் 1942இல் வெளியிட்ட நூலில், அடைபட்ட விலங்கின் துன்பத்திற்கு இடக்குறைவு மட்டுமின்றிச் செயலின்மையும் காரணம் என வாதிட்டார். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் ஹால் மார்கோவிட்ஸ், விலங்குகள் தம் செயலால் உணவைப் பெறும் கருவிகளை அமைத்தார்.

சட்டம் இதை மெல்லவே பின்தொடர்ந்தது. 1985இல் திருத்தப்பட்ட அமெரிக்க விலங்கு நலச் சட்டம், ஆய்வகக் குரங்கினங்களுக்கு உளநலம் பேணும் சூழலைக் கட்டாயமாக்கியது. நாய்களுக்கோ உடற்பயிற்சியை மட்டும் கட்டாயமாக்கியது. முன்னுரையில் சுட்டிய ‘ஓடவிடுதல்’ என்னும் தீர்வு அங்குச் சட்ட வடிவமே பெற்றிருப்பதைக் காணலாம். 2006இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் தேவையை உரிமையாளரின் கடமைகளுள் சேர்த்தது. மேய்ப்பு இன நாயின் ‘இயல்பான நடத்தை’ எது என வினவினால், விடை காண அதன் பணி வரலாற்றுக்கே செல்ல வேண்டியுள்ளது.

8. வீட்டிற்குள் மாற்றுப்பணிகள்

வீட்டிற்குள் பயன்படும் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது காங் என்னும் இரப்பர்ப் பொம்மை. 1970களில் கொலராடோவில் ஜோ மார்கம் என்பவர், காவல்துறைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிரிட்ஸ் என்னும் ஜெர்மன் ஷெப்பர்டை வளர்த்துவந்தார். அது கற்களைக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டது. வாகனமொன்றின் இரப்பர் உதிரிப்பாகத்தை அது விரும்பிக் கடித்ததைக் கண்டு, அவ்வடிவில் பொம்மையை உருவாக்கினார். இந்நிகழ்ச்சி வரலாற்று நோக்கில் பொருள் பொதிந்தது. மந்தை குறைந்தபோது காவல் பணிக்கு மாற்றப்பட்ட இனத்தின் நாய் ஒன்று, அப்பணியும் முடிந்தபின் கல்லைக் கடிக்கத் தொடங்கியது. அதற்கு மனிதர் தந்த விடை ஒரு பொருள். பின்னர் அதன் உட்குழிவில் உணவை அடைத்து நாயைத் தேடவைக்கும் வழக்கம் பரவியது. 1990களில் சுவீடனின் நீனா ஓட்டோசன், மூடியை நகர்த்தியும் இழுவறையைத் திறந்தும் உணவை எடுக்கும் புதிர்ப் பலகைகளை வடிவமைத்தார். இவற்றில் நாயின் தன்முடிவும் நிறைவெல்லையும் உள்ளன; மனிதரின் குறிப்பு மட்டும் இல்லை.

மறைத்துவைத்த மணத்தைத் தேடும் விளையாட்டு, மோப்பப் பணிநாய்களின் பயிற்சியிலிருந்து கிளைத்து 2000களில் கலிபோர்னியாவில் வீட்டு நாய்களுக்கென வகுக்கப்பட்டது. அமெரிக்கக் கென்னல் கிளப் 2017இல் மோப்பப் போட்டிகளைத் தொடங்கியது. இதில் மணத்தைக் கண்டறியும் அறிவு முழுதும் நாயினுடையது. மனிதர் நாயின் உடல்மொழியைப் படிக்கக் கற்க வேண்டியுள்ளது. ஒரு சிறிய அறையும் சில அட்டைப் பெட்டிகளும் இதற்குப் போதுமானவை. ஜெர்மனியில் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய ‘டிரைபால்’ ஆட்டத்தில், நாய் பெரிய பந்துகளை மூக்கால் தள்ளி ஒவ்வொன்றாக வலைக்குள் சேர்க்கிறது. ஆடு இல்லாத மேய்ப்பு என இதனைக் கூறலாம். தொலைவு, குறிப்பு, தன்முடிவு, இறுதியில் ‘பட்டி’ ஆகிய யாவும் அதில் திட்டமிட்டே மீட்டெடுக்கப்பட்டுள்ளன.

வீட்டிற்குள் நிகழ்ந்த அறிவுப்பணிக்குச் சிறந்த சான்று சேசர் என்னும் பார்டர் கோலி. 2004இல் லைப்சிக் ஆய்வாளர்கள், ரிக்கோ என்னும் பார்டர் கோலி 200க்கு மேற்பட்ட பொருள்களின் பெயர்களை அறிந்திருந்ததை வெளியிட்டனர். அதன் தொடர்ச்சியாக, தென் கரோலினாவின் வாஃபர்டு கல்லூரி உளவியல் ஓய்வுப் பேராசிரியர் ஜான் பில்லி, தம் நாய் சேசருக்கு மூன்றாண்டுகள் பயிற்சி அளித்து 1,022 பொருள்களின் பெயர்களைக் கற்பித்தார். இவ்வாய்வு 2011இல் வெளிவந்தது. சேசருக்குக் கிட்டிய பரிசு உணவன்று. பெயர் சொன்ன பொருளைக் கொணர்ந்தபின் அதைக் கொண்டு மனிதரோடு ஆடும் ஆட்டமே பரிசு. தொலைவிலுள்ள பலவற்றுள் ஒன்றைத் தெரிதல், குரலுக்குச் செவிசாய்த்தல், கொணர்ந்து முடித்தல் என்னும் வரிசையில் மேய்ப்புப் பணியின் மூன்று கூறுகளும் பொம்மைகளின் நடுவே மீண்டமைந்துள்ளன.

9. மதிப்பீடு

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேட்டைத் தொடரின் ஒரு கண்ணியை மட்டும் திரும்பத் திரும்பத் தூண்டும் செயல் மாற்றுப்பணி ஆகாது. பந்தை நூறு முறை எறிவது துரத்தலை மட்டுமே தூண்டுகிறது. அதில் நாய் முடிவெடுக்க ஏதுமில்லை. பணி எப்போது முடியும் என்பதும் அதற்குத் தெரிவதில்லை. நாளடைவில் உடல் வலுப்பெறுகிறது, அமைதி வருவதில்லை. இரண்டாவது, புதிர்ப் பொம்மைகள் பயனுடையவை எனினும் முழுமையற்றவை. வீட்டில் ஆளில்லாத நேரத்தை அவை நிரப்பும்; மனிதரோடு இணைந்து செயற்படும் பண்பை அவை நிறைவு செய்வதில்லை.

இவ்வாய்வுக்கு எதிராக ஒரு வலுவான வாதத்தை முன்வைக்க இயலும். 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான விரிவான மரபணு ஆய்வு, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடே எனக் காட்டியது. இனத்தின் வரலாற்றைக் கொண்டு ஒரு நாயின் தேவையைக் கணிக்கலாகாது என்பதே இதன் பொருள். இவ்வெச்சரிக்கை ஏற்கத்தக்கது, எல்லாப் பார்டர் கோலியும் சேசர் அன்று. ஆயினும் அதே ஆய்வு, மனிதரின் குறிப்புக்குச் செவிசாய்க்கும் பண்பே இனங்களுக்கிடையே பெரிதும் வேறுபடுகிறது என்றும் கண்டது. மேய்ப்பு இனங்களில் வரலாறு பதித்துச் சென்ற தடம் ஓட்டத்தில் இருப்பதினும் கூட்டுச் செயலில் மிகுதியாக உள்ளது என்னும் இக்கட்டுரையின் கருத்துக்கு இது துணைநிற்கிறது.

10. முடிவுரை

1873இல் பாலாவில் நடந்த போட்டி முதல் இன்றைய வீட்டுக் கூடத்து மோப்ப விளையாட்டு வரை நீளும் மாற்றுப்பணிகள், பணி குறையும்தோறும் அதன் வடிவத்தையேனும் காக்க மனிதர் செய்த தொடர்முயற்சியாகும். தன்முடிவு, குறிப்பு, நிறைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே தந்த முயற்சிகளே மேய்ப்புப் பணிக்கு அருகில் நிற்கின்றன. வீட்டில் வளரும் மேய்ப்பு இன நாய்க்கு வேண்டுவது கூடுதல் ஓட்டம் மட்டுமன்று. அது தீர்க்கத்தக்க ஒரு சிக்கல், அதைத் தீர்க்கையில் உடனிருக்கும் ஒரு மனிதர், ‘போதும், முடிந்தது’ என்னும் ஒரு சொல் ஆகியனவே. குணக்கேடு எனப்படுவது பல வேளைகளில் பணியைத் தேடும் பண்பே என உணரின், கைவிடப்படும் நாய்களின் எண்ணிக்கை குறைய வாய்ப்புண்டு.

இவ்வணுகுமுறை தமிழகப் பணிநாய்களைப் பற்றிய ஆய்வுக்கும் பயன்படும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களின் பழைய பணி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் சட்டப்படி நீங்கியது. இனத்தைக் காக்கும் முயற்சிகள் நடைபெறும் இன்று, அந்நாய்களின் பணியின் இடத்தில் எது வைக்கப்படுகிறது என்பது தனித்து ஆராயத்தக்கது.